ஆரோக்கியமான நபர்

ஏப்ரல் 13, சனி

மறுபடியும் ஒளிர்ந்து தொலைத்தது. ஒளிரவே கூடாத குழாய்.

லேப் நோட்டில் "எதிர்பாராத பின்னணி ஒளிர்வு" என்று நாகரிகமாக எழுதிவிட்டு வந்தேன். அதில் என் வழிகாட்டி எஸ்தர் மேடம் கையெழுத்துப் போடுவார், திட்ட முடியாது. திட்டுவதற்கென்றே இந்த டைரியை வாங்கியிருக்கிறேன்.

ஏழு வருடமாக என்னதான் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். சிறுநீரகம் அடிபட ஆரம்பித்ததும் சிறுநீரில் ஒரு புரதம் கசியும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்குள் பாதி சிறுநீரகம் போயிருக்கும். இந்தப் புரதம் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். அதைப் பிடிக்க ஒரு நுண்துகள் செய்கிறேன். லேசர் பட்டால் அது ஒளிரும். அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, அதற்கென்று இருக்கும் கேமராவுக்குத்தான் தெரியும். சிறுநீரில் கிடக்கிற மஞ்சள் குப்பையெல்லாம் சாதாரண வெளிச்சத்தில் தானும் சேர்ந்து மினுக்கும், அகச்சிவப்பில் வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்த ஒளி. ஆனால் தண்ணீர் பட்டால் என் துகள் அணைந்துவிடும். ரொம்ப நாள் அழுதுவிட்டு அந்தக் குறையையே வேலைக்கு வைத்துக்கொண்டேன். புரதம் வந்து ஒட்டினால் துகளைச் சுற்றியிருக்கும் தண்ணீர் விலகும், விலகினால் ஒளிரும். புரதம் இல்லையா, இருட்டு. அவ்வளவுதான் என் ஏழு வருடம்.

நோயாளியின் மாதிரி ஒளிர வேண்டும், ஒப்பிட வைத்திருக்கும் நல்ல மனிதனின் மாதிரி, அதாவது கன்ட்ரோல், இருட்டாக இருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் அப்படித்தான் இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து நல்ல மனிதனும் ஒளிர்கிறான்.

அந்த நல்ல மனிதன் என் வீட்டுக்காரர் மயில்சாமி. எங்கள் லேபில் ஒரு சட்டம் உண்டு: துகளில் கை வைத்தவர் சிறுநீர் மாதிரி கொடுக்கக் கூடாது. கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். லேபில் எல்லோரும் கை வைத்தவர்கள்தான். வெளியாட்களிடம் வாங்க நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். நோயாளிகளுக்கு வந்துவிட்டது, நன்றாக இருப்பவர்களுக்கான ஃபைல் எங்கோ தூங்குகிறது. அதுவரை வீட்டு ஆளை வைத்துப் பழகு என்றார் மேடம். திங்களும் சனியும் காலையில் இவர் டப்பாவை மூடி, "அம்மிணி, தீர்த்தம் வெச்சாச்சு" என்று குரல் கொடுப்பார்.

ஜூன் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 15, திங்கள்

இன்று ஒளி குறைந்திருக்கிறது. இருட்டு என்று சொல்ல முடியாது, ஆனால் சனிக்கிழமையில் பாதிதான். நேற்று வருடப் பிறப்பு, வேப்பம்பூப் பச்சடியைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் இவர் நாள் முழுக்கத் தூங்கினார். எனக்கு ஒரு கரண்டி கசப்பு கூடுதலாகக் கிடைத்தது. வருடம் எப்படி இருக்கும் என்று அதிலேயே தெரிகிறது.

ஏப்ரல் 20, சனி

ஏறியிருக்கிறது. போன சனியைவிட அதிகம்.

நசீமா என்னுடன் லேபில் இருப்பவள், எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவள். துகளின் மேல்பூச்சுக்கு மார்ச் கடைசியில் புதுப் பாட்டில் ரசாயனம் திறந்தோமே, அதுவாக இருக்கும் என்றாள். எனக்கும் அதேதான் தோன்றியது. பூச்சில் ஓட்டை இருந்தால் கண்டதெல்லாம் ஒட்டும். வேறு பாட்டில் கேட்டிருக்கிறோம்.

நசீமா இன்னொன்றும் சொன்னாள். அந்தப் புரதத்தைப் பழைய முறையில் அளக்கும் கிட், சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு, ஃபிரிட்ஜில் இருக்கிறது. "அக்கா, கன்ட்ரோலயும் ஒரு குழியில போட்டுப் பாத்துரலாமா?" என்றாள். கிட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது நோயாளிகளின் மாதிரிகளுக்காக. நல்லா இருக்கிற ஆளுக்கு அதை வீணாக்கவா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இவருக்கு இடுப்பு வலி. இவர் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் உலைக்காரர் வேலையை விட்டுப் போனதிலிருந்து இவரைத்தான் உலைப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். சித்திரை வெயிலும் உலைச் சூடும் சேர்ந்து ஆளை வேக வைக்கிறது. மெடிக்கலில் சொல்லி வலி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார், காலையில் ஒன்று, பொழுதோட ஒன்று. டாக்டரைப் பாருங்கள் என்றேன். "உன்ற பரீட்சை முடியட்டும் கண்ணு, பொறவு பாத்துக்கலாம்" என்றார். ஆய்வேடு என்று ஆயிரம் முறை சொல்லியாயிற்று, இவருக்கு அது பரீட்சைதான்.

ஏப்ரல் 27, சனி

புதுப் பாட்டில், புதுத் துகள், அதே ஒளி. நாசமாய்ப் போக.

மே 4, சனி

மஞ்சளாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். மஞ்சள் ஒளிரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் பச்சையாக ஒளிரும், அகச்சிவப்பில் அல்ல. தெரிந்துகொண்டே சமையலில் மஞ்சள் போடுவதை நிறுத்தினேன். வெள்ளைச் சாம்பாரைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டார் இவர்.

சாயங்காலம் சண்டை. கழிவறையில் நுரை நுரையாக நிற்கிறது. சோப்புத் தூளைக் கொட்டிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றக்கூட வலிக்கிறதா என்று கத்தினேன். நான் எதையும் கொட்டவில்லை என்று இவர் சாதித்தார். சோப்பு கொட்டாமல் நுரை வானத்திலிருந்தா வரும்? பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா.

மே 6, திங்கள்

குறைவு. திங்கள் நல்ல பிள்ளை, சனி பேய். நான்கு வாரமாக இதே கதை. வாரத்தின் நடுவில் ஒரு மாதிரி வாங்கிப் பார்த்தேன், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. துகளுக்குக் கிழமை தெரியுமா என்ன?

யோசித்து யோசித்து ஒன்று பிடித்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் வளாகத்தில் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். ஏசி இல்லை, அறை சூடு, கேமரா சூடு. சூட்டில் கேமரா உளறும். இனி சனிக்கிழமை மாதிரியை ஐஸில் வைத்து மின்சாரம் வந்த பிறகு அளக்கப் போகிறேன். வெறும் உப்புக்கரைசல் குழாய் மட்டும் சனிக்கிழமையும் இருட்டாக இருக்கிறது. அதை ஏன் சூடு ஒன்றும் செய்யவில்லை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மே 11, சனி

ஐஸில் வைத்தாயிற்று, மின்சாரம் வந்த பிறகுதான் அளந்தேன். போன சனியைவிட அதிகம்.

இனி ஆளைத்தான் திருத்த வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இவருக்குக் காபி கிடையாது, பேக்கரி கிடையாது, சத்து மாத்திரை கிடையாது. வலி மாத்திரை மட்டும் இருக்கட்டும், அது இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. தண்ணீரும் ஒரு சிக்கல். இவர் பவுண்டரியிலிருந்து வந்ததும் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொள்வார், ஒரு நாள் மாதிரி நீர்த்துக் கிடக்கும், ஒரு நாள் கெட்டியாக இருக்கும். ஒரே சீராக இருந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் வெள்ளி, ஞாயிறு இரண்டு நாளும் பொழுதோட ஒரு டம்ளர்தான், காலையில் டப்பா நிறைந்த பிறகுதான் அடுத்த டம்ளர் என்று சொல்லிவிட்டேன்.

"நாக்கு ஒட்டிக்குமே கண்ணு" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "சரி, வெசனப்படாத. ஒரு டம்ளர்தான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் நான் சொன்ன எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

மே 18, சனி

அழுதுவிட்டேன், லேபிலேயே, லேசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. வெளியே தெரியாது என்று நினைத்தேன். நசீமா பார்த்துவிட்டு டீ வாங்கி வந்து வைத்தாள்.

இரண்டு வாரத்தில் ஒளி இரட்டிப்பாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளி மாதிரிகளில் மூன்றைத் தாண்டிவிட்டது என் நல்ல மனிதனின் குழாய். இதை எந்தத் தேர்வாளர் முன்னால் கொண்டு போய் வைப்பது? நோயாளியையும் நல்லவனையும் பிரித்துச் சொல்லத் தெரியாத துகளுக்கு டாக்டர் பட்டமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான்.

இந்த அத்தியாயத்தையே விட்டுவிடலாமா என்று மேடம் கேட்டார். விட்டால் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும் மேடம் என்றேன்.

மே 20, திங்கள்

இப்போது திங்களும் குறையவில்லை.

மே 25, சனி

காலையில் பஸ்ஸில் போனேன். இரண்டு வாரமாக இவர் என்னை லேபில் கொண்டு விடுவதில்லை. வண்டி ஓட்டினால் மூச்சு வாங்குகிறதாம். வண்டி ஓட்டினால் வண்டிக்குத்தானே மூச்சு வாங்க வேண்டும் என்று கேட்டேன், சிரித்தார். மாடிப்படியில் பாதியில் நின்று செல்போனைப் பார்ப்பது ஒரு புதுப் பழக்கம். செருப்பு கடிக்கிறது என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருக்கிறார். கல்யாண மோதிரம் விரலை விட்டு வரவில்லை. உட்கார்ந்து தின்று ஊதிவிட்டீர்கள் என்று கேலி செய்தேன். சாப்பாடு என்னவோ பாதித் தட்டிலேயே எழுந்துவிடுகிறார்.

நேரமில்லை. துகளின் மேல் இன்னொரு பூச்சு கொடுத்துப் பார்க்கப் போகிறேன். ஒரு பூச்சுக்கு நான்கு நாள் ஆகும். ஜூன் வாசலில் நிற்கிறது.

ஜூன் 1, சனி

புதுப் பூச்சு. உப்புக்கரைசலில் இருட்டு. சுத்தப் புரதம் போட்டால் ஒளி. அளவாகப் போட்டால் அளவாக ஒளி. கோடு போட்ட மாதிரி வருகிறது. இவருடைய மாதிரியில் மட்டும் தீபாவளி.

வீட்டுக்கு வந்ததும் வாயை அடக்க முடியவில்லை. என்ன தின்றீர்கள், என்ன குடித்தீர்கள், எனக்குத் தெரியாமல் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஆரம்பித்து, "உங்க ஒடம்புல என்ன எழவுதான் இருக்குதோ, என்ற பொழப்பே நாசமாப் போச்சு" என்று முடித்தேன்.

இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கெழமை நல்லதாக் குடுத்தர்றேன் கண்ணு" என்றார்.

பரீட்சையில் மார்க் குறைந்த பையன் அப்பாவிடம் சொல்வது போல. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அடுத்த பூச்சுக்குக் கணக்குப் போட வேண்டியிருந்ததால் கேட்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

நல்லதாகக் கொடுக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டது! நன்றாக இருப்பவர்கள் பத்துப் பேரிடம் மாதிரி வாங்கலாம். நசீமா தன் அண்ணனைக் கூட்டி வருகிறாள், அலுவலகத்தில் மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள், வாட்ச்மேன், கேன்டீன்காரர் என்று ஆள் சேர்ந்துவிட்டது. நாளை மறுநாள் அளக்கிறேன்.

பத்தும் ஒளிர்ந்தால் இந்த டைரியையும் ஆய்வேட்டையும் ஒன்றாகக் கட்டி நொய்யலில் போட்டுவிட வேண்டியதுதான். நொய்யலில் தண்ணீர் ஏது, அதற்கும் வழியில்லை.

ஜூன் 12, புதன்

இருட்டு!

முதல் குழாய் இருட்டு. இரண்டாவது இருட்டு. ஐந்தாவது குழாய் வந்தபோது கேமராவில் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேனோ என்று போய்ப் பார்த்தேன். கழற்றித்தான் இருந்தது. பத்தும் இருட்டு. பக்கத்திலேயே நோயாளிகளின் குழாய்கள், ஒவ்வொன்றும் அதனதன் அளவுக்கு ஒளிர்கிறது. நசீமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். ஏழு வருடத்தில் நான் லேபில் சத்தமாகச் சிரித்தது இன்றுதான். என் துகளில் ஒரு குறையும் இல்லை. இல்லவே இல்லை!

மைசூர்பா வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். இவர் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, என் தலையில் கை வைத்தார். "அப்ப இனிமே என்ற தீர்த்தம் வேண்டாமா?" என்று கேட்டார். ஒரு விள்ளல் வாயில் போட்டார், உடனே போய் வாந்தி எடுத்துவிட்டார். நெய் பழசு போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நான் நான்கு தின்றேன்.

ஜூன் 13, வியாழன்

எழுத முடிந்தவரை எழுதுகிறேன்.

காலையில் மேடம் என்னுடைய எல்லா வரைபடங்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். நேற்றைய பத்துக் குழாய்களைப் பார்த்துப் பாராட்டினார். அப்புறம் பழைய கன்ட்ரோல் வரைபடத்தை எடுத்தார். ஜனவரி முதல் மார்ச் வரை தரையோடு தரையாகப் போகிறது, ஏப்ரலில் எழுந்திருக்கிறது, சனிக்குச் சனி ஏறி, திங்களன்று கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, மே கடைசியில் இறங்குவதை நிறுத்திவிட்டது. அதில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

அது கேமரா சூடு மேடம், சனிக்கிழமை மின்சாரம் இருக்காது என்றேன்.

"கேமரா சூடுன்னா உப்புத்தண்ணிக் குழாயும் ஒளிரணுமே தமயந்தி" என்றார்.

அவர் மெதுவாகக் கேட்டார்.

"உன் வீட்டுக்காரர் சனிக்கிழமை வரைக்கும் என்ன வேலை பாக்குறாரு?"

உலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வெளியே வருவதற்குள் எல்லாம் வந்துவிட்டது. உலை, இடுப்பு வலி மாத்திரை, நுரை, செருப்பு, மோதிரம், மாடிப்படி. உலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். ஒரு டம்ளர் தண்ணீர்.

ஒரு டம்ளர் தண்ணீர்.

சிறுநீரகம் கெட்டால் உடம்பு என்னென்ன காட்டும் என்று என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். மனப்பாடமாகச் சொல்வேன். ஒன்று விடாமல் என் வீட்டில் நடந்திருக்கிறது, ஒன்று விடாமல் நான் திட்டியிருக்கிறேன்.

இவருக்கு போன் செய்தேன். வலி மாத்திரையைத் தொடாதீர்கள், பவுண்டரிக்குப் போகாதீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்றேன். "எவ்வளவு கண்ணு?" என்று கேட்டார். அளவு கேட்கிறார் என்னிடம். போனைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கிட்டை எடுத்தேன். ஒவ்வொரு மாதிரியிலும் கொஞ்சம் உறைய வைத்திருக்கிறோம், ஜனவரியிலிருந்து எல்லாம் இருக்கிறது. மேடமே கையுறை மாட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.

கிட் முடிவு சொல்லச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். என் துகள் பொய்யாக இருக்கட்டும். ஏழு வருடமும் குப்பைக்குப் போகட்டும், பதிவு ரத்தாகட்டும், ஊர் சிரிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. மருதமலை முருகா, என் துகளைப் பொய்யாக்கிவிடு. நேற்று இதே நேரத்தில் இதே துகளுக்காக மைசூர்பா வாங்கினேன்.

பொய்யில்லை. துகளின் கோடும் கிட்டின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சுத்தம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஆரம்பம்.

நசீமா அழுதாள். "அக்கா, அன்னைக்கே ஒரு குழியில போட்டிருந்தா" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தியது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீ என்ன வேலை செய்கிறாய் அம்மா என்று நல்ல வேளையாகக் கேட்கவில்லை.

ஜூன் 19, புதன்

சிறுநீரக டாக்டர் நிதானமாகப் பேசுகிறவர். சூட்டில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது, அதன் மேல் வலி மாத்திரை, இரண்டும் சேர்ந்து அடித்திருக்கிறது என்றார். போனது பாதிக்கு மேல். அது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம், எப்போதைக்கும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஏப்ரலில் வந்திருந்தால் என்று கேட்டேன்.

"ஏப்ரல்ல ரத்தத்துல ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா. யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்றார். ஆறுதல் சொல்கிறார் பாவம்.

தெரிந்திருந்தால் என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சிருந்தா மாத்திரைய நிறுத்தி, தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பியிருப்பேன். அதோட போயிருக்கும்" என்றார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். வெண்ணெயைக் கெட்டுப்போனது என்று தினம் தினம் திட்டியவளை என்ன செய்யும்?

ஜூன் 21, வெள்ளி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொல்லாததையும் சொன்னேன். ஏப்ரலிலேயே என் துகள் சொன்னது, நான்தான் கேட்கவில்லை, கிட்டில் ஒரு குழியை உங்களுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, கடைசியில் தண்ணீரையும் பிடுங்கினேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப உன்ற துகள் சொன்னது நெசந்தானா?"

"ஆமாங்க."

"பொறவு என்ன கண்ணு, நீ பாஸு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்து, ஆபரேஷன் ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்டாள். "இல்லீங்க, பரீட்சைல பாஸாயிட்டா" என்றார் இவர்.

ஜூன் 24, திங்கள்

மேடம் ஆஸ்பத்திரிக்கே வந்தார். இவருடைய வரைபடத்தை ஆய்வேட்டில் வைக்க இவருடைய சம்மதம் வேண்டும், குழுவிடம் பேசியாகிவிட்டது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். ஒரு மனிதனின் சிறுநீரகம் நன்றாக இருந்த நாளிலிருந்து கெட்ட நாள் வரை வாரத்துக்கு இரண்டு முறை பிடித்த கோடு, இதைத் தேடிக்கொண்டு போனாலும் கிடைக்காது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு வேண்டாம். அந்தக் கோட்டை நான் பார்க்கவே விரும்பவில்லை. ஆனால் இவர் பேனா கேட்டார். "இத்தன நாள் காலைல எந்திரிச்சுக் குடுத்தது வீணாப் போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மோதிரம் இப்போது விரலில் தளர்ந்திருக்கிறது. வீக்கம் இறங்குகிறது என்று அர்த்தம்.

ஜூன் 27, வியாழன்

நாளை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். வார்டில் இவர் கட்டிலருகே லேப்டாப்பை வைத்துக்கொண்டு திருத்தினேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், டாக்டர் சொன்ன அளவுக்குக் கோடு போட்டிருக்கிறது. இப்போது கோடு போடுவது நானில்லை.

ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கி. ஆய்வேடு முழுக்க இவரை "ஆரோக்கியமான நபர்" என்று எழுதியிருக்கிறேன். படங்களுக்குக் கீழே, அட்டவணைகளில், பக்கத்துக்குப் பக்கம். அதையெல்லாம் "நோயாளி" என்று மாற்ற வேண்டும். தேடச் சொன்னேன். எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றவா என்று லேப்டாப் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக மாற்றினேன். ஜூன் முதல் வாரம், நோயாளி. நல்லதாகக் கொடுக்கிறேன் என்று இவர் சொன்ன திங்கள், நோயாளி. மே பதினெட்டு, நான் லேசர் கண்ணாடிக்குள் அழுத சனிக்கிழமை, நோயாளி. ஒரு டம்ளர் தண்ணீர், நோயாளி. வெள்ளைச் சாம்பார், நோயாளி. வேப்பம்பூப் பச்சடி, நோயாளி. ஏப்ரல் முதல் வாரம், நோயாளி.

அதற்கு முன்னால் மார்ச். கேமராவில் இருட்டு. நோட்டில் மேடத்தின் பச்சை மைக் கையெழுத்து. பிப்ரவரி, இருட்டு. ஜனவரி, இருட்டு. அப்போது இவர் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவார், என்னை வண்டியில் வைத்து லேப் வாசல் வரை கொண்டு விடுவார்.

அந்த மூன்று மாதங்களில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே "ஆரோக்கியமான நபர்" என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கோப்பைச் சேமித்தேன்.